பேர் மட்டும் தட்சிணாமூர்த்தி

மேனாம்பேடு அய்யாசாமி தொழில் ஆரம்பிப்பதற்கு முன்னால் வக்கீலைப் பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்த்தார். போன் பண்ணி நேரம் வாங்கி, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய், அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். வக்கீலம்மாவும் நல்ல யோசனைதான் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு மனிதர் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

அய்யாசாமியின் அப்பாவும் அம்மாவும் கழனி வேலை செய்தவர்கள். அய்யாசாமி காலத்தில் கழனியும் இல்லை, அந்த வேலையும் இல்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்து இருபத்து மூன்று வருஷம் பவுடர் கோட்டிங் பிரிவில் இருந்தார். இரும்பு, அலுமினிய சாமான்கள் மேல் வண்ணப் பொடியைத் தூவி, ஓவனில் வேகவைத்து எடுக்கிற வேலை. பூச்சு எத்தனை கனம் என்று கையால் தடவியே சொல்லுவார். மீட்டர் வைத்துப் பார்த்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வேலை தெரிந்தவனுக்கு அதுகூட இருக்கக் கூடாதா என்ன?

அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர் தட்சிணாமூர்த்தி. மாயவரம் பக்கத்திலிருந்து வந்து ஆவடி சேக்காட்டில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறியவர். அதிர்ந்து பேசமாட்டார். இருவருக்கும் எப்படி ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதி அய்யாசாமிக்கு, அய்யாசாமி வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வந்தால் முக்கால்வாசி அவருக்கு. அப்படியே பதினெட்டு வருஷம் ஓடியது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் கம்பெனி ஒரகடம் பக்கம் போயிற்று. வயதானவர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்ததை வைத்துச் சொந்தமாக ஒரு யூனிட் போடுவது என்று அய்யாசாமி முடிவு செய்தார். மனைவி நாகவல்லி நகையைக் கழற்றிக் கொடுத்தாள். மேனாம்பேட்டிலேயே ஒரு ஷெட் கிடைத்தது. கணக்கு வழக்கைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்வதாகத் தட்சிணாமூர்த்தி ஒப்புக்கொண்டார். ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. நல்ல நாள் பார்க்கப் புருஷனும் பெண்டாட்டியும் திருவேற்காட்டில் தெரிந்த ஜோசியரிடம் போனார்கள்.

ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மகர ராசி. ஏழரை ஓடிகினு கீது. ரெண்டு வருஷம் போச்சு, இன்னும் அஞ்சரை பாக்கி. இந்த நேரத்துல ஒம் பேர்ல ஒரு பொட்டிக்கடை கூட வெக்காத."

"சம்சாரம் பேர்ல?" என்றார் அய்யாசாமி.

"அவங்க தனுசு. அவங்களுக்கும் ஏழரைதான்."

மகள் காவ்யாவுக்கு அப்போது பதினாலு வயது. அவள் பேரில் எதையும் எழுத முடியாது. அய்யாசாமி முகம் தொங்கிப்போயிற்று.

"கடக ராசிக்காரரு யாராச்சும் நம்பிக்கையா கீறாங்களா? அவங்களுக்கு ஆறுல சனி, தொட்டது தொலங்கும்" என்றார் ஜோசியர். "ஒன் ஏழரை முடியிற வரிக்கும் அவரு பேர்ல ஓடட்டும். அப்பால மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு, இத்த வெளியில சொல்லிகினு திரியாதே. சொன்னா பலன் பூடும்."

நாகவல்லிதான் சட்டென்று சொன்னாள்: "தச்சணாமூர்த்தி அண்ணன் கடகந்தான்."

தட்சிணாமூர்த்தி கேட்டுவிட்டுச் சிரித்தார். "பேருதானேப்பா, எடுத்துக்கோ. காசா பணமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்கும் ஒரு வக்கீலைக் கேட்டுட்டுச் செய்வோம் அய்யாசாமி. அம்பத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ல சபீனான்னு ஒரு மேடம் இருக்காங்க, எங்க ஃப்ளாட் பத்திரத்தை அவங்கதான் பார்த்துக் கொடுத்தாங்க" என்றார். அய்யாசாமிக்கு வக்கீல் வாசல் என்றாலே பிடிக்காது. தன் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆள் அவர். சிநேகிதனுக்காகப் போனார்.

சபீனா பொறுமையாகக் கேட்டார். சனி, கடகம், ஆறாமிடம் எல்லாவற்றையும் சிரிக்காமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"உங்க நம்பிக்கையை நான் ஒண்ணும் சொல்லல சார். ஆனா லைசென்ஸ், ஜிஎஸ்டி, பேங்க், கரண்ட், வாடகை அக்ரிமென்ட் எல்லாம் இவர் பேர்ல இருந்தா, பேப்பரைப் பொறுத்தவரைக்கும் தொழில் இவரோடது. நீங்க அங்க வேலை செய்யிறவர். அதனால உங்க பேர்லயே ஆரம்பிங்க. மனசு ஒப்பலைன்னா ரெண்டு பேரும் பார்ட்னரா இருங்க, யார் எவ்வளவு போட்டீங்களோ அதை உள்ளபடி எழுதிடலாம். இவர் வைஃபையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் விஷயம் தெரியணும். நாளைக்கு இவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா வாரிசு அவங்கதானே."

'நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா' என்ற இடத்தில்தான் அய்யாசாமிக்குச் சுர்ரென்று ஏறியது. நல்ல காரியம் பேச வந்த இடத்தில், பக்கத்தில் கல்லுக்குண்டாக உட்கார்ந்திருக்கிற சிநேகிதனை வைத்துக்கொண்டு இந்தம்மா என்ன பேச்சுப் பேசுகிறார்?

"மேடம், நாங்க நல்லதுக்கு வந்துகீறோம். இன்னா வார்த்த சொல்றீங்க?" என்று எழுந்துவிட்டார். "இவன் வாயால சொன்னா அதுவே எனக்குப் பத்திரம். முத்திரைத் தாளு வாங்கித்தான் இவன நான் நம்பணுமா?"

படி இறங்கும்போது தட்சிணாமூர்த்தி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தம்மா சொன்னதுல தப்பில்லையே. பத்திரம் வேண்டாம்னா விடு. கோமளாகிட்டயாவது சொல்லிடறேன்."

"வாணாம்பா. வெளிய சொன்னா பலன் பூடும்னு அந்தாளு சொன்னாரில்ல? அஞ்சரை வருஷந்தானே. எம் மேல சத்தியமா சொல்லாத."

சத்தியம் வாங்கினார். அந்த மனிதரும் கொடுத்தார். கொடுத்ததைக் காப்பாற்றவும் செய்தார். எல்லாத் தப்பும் அந்தப் படிக்கட்டில் நடந்தது என்று அய்யாசாமி இன்றைக்குச் சொல்லுவார். வக்கீலைக் கோபித்துக்கொண்டதைக்கூட மன்னித்துவிடலாம், பெண்டாட்டியிடம் சொல்கிறேன் என்றவனை ஏன் தடுத்தேன் என்று கேட்டுக்கொள்வார். இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஷெட்டின் மேல் போர்டு ஏறியது. கீழே சின்ன எழுத்தில் 'உரிமையாளர்: தட்சிணாமூர்த்தி'. வேலைக்கு வந்த ஆட்களுக்கும், சாமான் கொண்டுவருகிறவர்களுக்கும் அய்யாசாமி சூப்பர்வைசர். கரோனாவில் கொஞ்ச நாள் மூடிக்கிடந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. ஓவனைத் திறந்து அவர் ஒரு இரும்பு கேட்டை வெளியே இழுத்தால் பார்க்கிறவன் முகம் அதில் தெரியும்.

கோமளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷனுக்கு வேலை போனபோது அந்த அம்மாளின் அக்கா தங்கைகள் ஒரு மாதிரியாகப் பேசியிருந்தார்கள். இப்போது, 'எங்க வீட்டுக்காரர் சொந்தமா கம்பெனி வெச்சிருக்கார்' என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. வாய் நிறையச் சொன்னார். அந்தப் பெருமையோடு மனசும் பெரிதாயிற்று. தீபாவளிக்குத் தீபாவளி மேனாம்பேட்டுக்கு வந்து, நாகவல்லிக்கு ஒரு சேலை, காவ்யாவுக்கு ஒரு துணி, அய்யாசாமிக்கு வேட்டி சட்டை என்று தட்டில் வைத்துக் கொடுப்பார். முதலாளியின் மனைவி தொழிலாளி வீட்டுக்குச் செய்வதுபோல, குறை வைக்காமல் செய்வார்.

"அண்ணன் இல்லைன்னா எங்க வீட்டுக்காரருக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. அவரை நம்பி வந்துட்டீங்க, உங்களை நாங்க கைவிடமாட்டோம்" என்பார்.

தட்சிணாமூர்த்தி பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாகவல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இருக்கட்டும்க்கா" என்பாள். முதல் வருஷம் அவர்கள் போனதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரண்டாம் வருஷம் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வருஷம் நாகவல்லி சேலையைப் பீரோவில் போட்டுவிட்டு, "எப்பதான்யா முடியும் ஒன் ஏழரை?" என்று எரிந்து விழுந்தாள்.

இருபத்து நாலு அக்டோபரில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்த தட்சிணாமூர்த்தி அப்படியே வாஷ்பேசின் அருகில் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்முன்னே உயிர் போய்விட்டது. ஏழரை முடிய ஐந்தே மாதம் இருந்தது.

அய்யாசாமி அழுத அழுகையைச் சேக்காட்டில் பார்க்காதவர்கள் இல்லை. தோள் கொடுத்தவர் அவர், சுடுகாட்டில் கடைசியாகத் திரும்பியவரும் அவர்தான். பதினாறு நாளும் ஷெட் சாவி தன் இடுப்பில் இருப்பதுகூட அவருக்கு நினைவில்லை. நாகவல்லி மட்டும் ஒரு நாள் திருவேற்காட்டு ஜோசியரிடமே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னா சொன்னான் தெரியுமா அந்தாளு? அவருக்கு அட்டமச் சனி அப்புறந்தான் வந்துச்சாம். நம்ப திருப்பிப் போய் கேக்கலியாம்" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

காரியம் முடிந்த மறுநாள் பிரசன்னா கூப்பிட்டான். தட்சிணாமூர்த்தியின் மகன், ஹைதராபாத்தில் ஐடி வேலை. மரியாதையான பையன்.

"அங்கிள், கம்பெனியை நடத்த எங்களால முடியாது. மெஷின், ஓவன் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்கறேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அடுத்த மாசம் முடிச்சிடலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சேர வேண்டியதை ஒழுங்கா செட்டில் பண்ணிடறேன், கவலைப்படாதீங்க."

அய்யாசாமி சரிப்பா, சரிப்பா என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் சபீனாவின் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தும் வக்கீலம்மாவுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அய்யாசாமிக்கு இருந்தது.

"நீங்க செஞ்சதுக்குச் சட்டத்துல ஒரு பேர் இருக்கு சார். பினாமி."

"பினாமியா? அது பெரும்புள்ளிங்க பண்றது மேடம். நான் கோட்டிங் அடிக்கிறவன்."

"ஆளைப் பார்த்துச் சட்டம் மாறாது. உங்க பணத்துல, வேறொருத்தர் பேர்ல. பேரு பினாமிதான். உண்மையான ஓனர் நான்னு நீங்க கேஸ் போடவே முடியாது. அப்படிச் சொன்னாலே உங்களுக்குத்தான் ஆபத்து."

அய்யாசாமி கையைப் பிசைந்தார். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துவிட்டு, 'எவன் பேர்லயோ சொத்து வெச்சிகீறானுங்க பாரு' என்று அவரே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்! அந்த வார்த்தை சுற்றிக்கொண்டு வந்து தன் தலையில் உட்காரும் என்று யார் கண்டது?

"அவங்க எப்படியும் விக்கறாங்க" என்றார் சபீனா. "எல்லாரையும் போல நீங்களும் போய்க் கேளுங்க. விலை கொடுத்து வாங்குங்க. வாங்கறவரா மட்டும் போங்க சார். பழைய கதையை எடுக்காதீங்க. அவங்க இப்பத்தான் புருஷனைப் பறிகொடுத்திருக்காங்க, அதைத் தாங்கற நிலையில இருக்கமாட்டாங்க."

இதுவும் நல்ல யோசனைதான். இந்தத் தடவை அய்யாசாமி கோபப்படவும் இல்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தன் மெஷினைத் தானே விலைக்கு வாங்குவதா என்று நாகவல்லி குதித்தாள். அவளையும் அடக்கி, சேக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், 'வாங்கறவனாப் போறேன், வாங்கறவனாப் போறேன்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கோமளா நெற்றியில் பொட்டில்லாமல் உட்கார்ந்திருந்தார். அய்யாசாமி விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் முகத்தில் அத்தனை நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு வந்தது.

"அண்ணனுக்கே கொடுத்துடலாம்டா பிரசன்னா. விலையையும் குறைச்சுக்கோ" என்றார். "பாவம், அப்பா போட்ட சோத்துல இருந்தவர். இனிமே அவர் எங்க போவார்?"

அய்யாசாமி பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் ஐந்து வருஷம் அந்த ஷெட்டில் பொடி தின்ற நெஞ்சு அது. 'அப்பா போட்ட சோறு' என்ற வார்த்தை அங்கே போய் இடித்துவிட்டது.

"அது என்னுதும்மா" என்றார்.

"எது?"

"கம்பெனி. பேரு மட்டுந்தான் அவனுது. எனக்கு ஏழரைன்னு அவன் பேர்ல வெச்சேன். போட்ட காசு என்னுது, இவ தாலிச் செயினு கூட அதுல கீது."

பிரசன்னா நாற்காலியில் நிமிர்ந்தான். "அங்கிள், இதுக்கு ஏதாவது எழுத்து இருக்கா?" என்றான் மெதுவாக. எழுத்து எங்கே இருக்கிறது?

கோமளா மகனைக் கையமர்த்தினார். "எழுத்து வேண்டாம். அவர் என்கிட்ட ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கார், 'இந்தக் கம்பெனியில எனக்குன்னு ஒண்ணும் இல்ல கோமு'ன்னு. நான் அவர் வேதாந்தம் பேசறார்னு நெனச்சுட்டேன்."

பிறகு கோமளா நாகவல்லி பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியும்."

"தெரியும்க்கா."

"நான் மகராசியாட்டம் தட்டுல சேலையை வெச்சுக் கொண்டுவந்து கொடுத்தேனே. உன் கம்பெனிக்கு நீதான் முதலாளியம்மா. வாங்கி வெச்சுட்டு, நான் போனப்பறம் சிரிச்சியா?"

"மெய்யாலுமே சிரிக்கலக்கா. ஒரு தபா கூட சிரிக்கல" என்றாள் நாகவல்லி. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அய்யாசாமி கண்ணை எடுக்காமல் தரையைப் பார்த்தார். அந்த முதல் வருஷச் சிரிப்பு அவர் காதில் கேட்டது.

"என் அக்கா தங்கச்சிங்ககிட்ட எல்லாம் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா?" என்றார் கோமளா. குரல் உயரவே இல்லை. "நீங்க மூணு பேரும் தெரிஞ்சுக்கிட்டு, என்னை மட்டும் ஆட விட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க. அவரைக் கேக்கலாம்னா அவர் இல்லை. ஏன் மறைச்சீங்கன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"அவன் சொல்றேன்னுதாம்மா சொன்னான். நாந்தான் வாணாம்னு சத்தியம் வாங்கினேன்" என்றார் அய்யாசாமி.

கோமளா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகனிடம் மட்டும், "எங்க கையெழுத்து போடணும்னு கேளு" என்றார்.

எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்றான் பிரசன்னா. விலை பேசி, எல்லாரும் வாங்குவதைப் போலவே வாங்கினார் அய்யாசாமி. கோமளா தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். செக்கை அவர் தொடவில்லை. பிரசன்னாதான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். புது லைசென்ஸ், புது ஜிஎஸ்டி எல்லாம் அய்யாசாமி பேருக்கு வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு தாளையும் சபீனாவிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். போர்டும் மாறியது. இப்போது அவரிடம் சாமான் கொண்டுவருகிறவர்கள் அவரை முதலாளி என்கிறார்கள். கூப்பிட்டால் ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரும்புகிறார்.

போன அக்டோபரில் தட்சிணாமூர்த்திக்கு முதல் வருஷத் திதி வந்தது. யாரும் அழைக்கவில்லை. நாகவல்லி, "வாணாம்யா, போவாத" என்றுதான் சொன்னாள். மனசு கேட்கவில்லை. ஆவடி மார்க்கெட்டில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு சேக்காட்டுக்குப் போய், ஃப்ளாட் வாசலில் நின்று பிரசன்னாவுக்குப் போன் பண்ணினார்.

பிரசன்னா கீழே இறங்கி வந்தான். மாலையைப் பார்த்தான்.

"அம்மா மேல வர வேணாம்னு சொல்லிட்டாங்க அங்கிள். தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மாலையையும்..." என்று நிறுத்தினான்.

"சரிப்பா. அவங்க சொல்றது நாயந்தான்" என்றார் அய்யாசாமி. "அவன் படத்தையாவது ஒரு தபா பார்த்துட்டுப் போயிடறேனே. ஓரமா நின்னு பார்க்கறேன், அம்மா கண்ல படமாட்டேன்."

பிரசன்னா மாடியை நிமிர்ந்து பார்த்தான். என்ன செய்வான் பாவம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, காலையில் பூஜையின்போது எடுத்த போட்டோவைத் தேடி அவர் முன்னால் நீட்டினான். தட்சிணாமூர்த்தி அதில் பூவும் பொட்டுமாக இருந்தார்.

அய்யாசாமி மாலையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, தெருவில் நின்றபடியே அந்தப் போனைப் பார்த்துக் கும்பிட்டார். பிரசன்னா கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.